தகட்டின் மறுபக்கம்: கப்பல் பட்டறையில் தீ ஆய்வாளர் வேலை

கடலில் ஓடும் கப்பலைவிடப் பட்டறையில் நிற்கும் கப்பலுக்குத்தான் தீ ஆபத்து அதிகம். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இது. கடலில் இருக்கும்போது கப்பலின் அபாய மணி வேலை செய்யும், பம்பு ஓடும், கதவுகள் சாத்தியிருக்கும். எந்த அறை எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லக்கூடிய மாலுமிகள் உள்ளே இருப்பார்கள். அதே கப்பல் டாக்கில் ஏறியதும் இவை ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. கப்பலைச் சுற்றிக் கடல்நீர் இல்லாததால் பம்பு உறிஞ்ச எதுவும் இல்லை. இயந்திர அறைக்கான கார்பன் டை ஆக்சைடு அமைப்பு தவறித் திறந்துகொண்டால் உள்ளே வேலை செய்பவர்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடுவார்கள் என்பதால் அதையும் பூட்டி வைக்கிறோம். வெல்டிங் கேபிளும் காற்றுக் குழாயும் போக வேண்டுமென்று கதவுகள் திறந்தே கிடக்கின்றன. இந்த நிலையில், கப்பலை அறியாத நூற்றுக்கணக்கானவர்கள், பல கான்ட்ராக்டர்களின் ஆட்கள், ஒரே நேரத்தில் உள்ளே இருக்கிறார்கள். அவர்களில் பலர் கையில் தீ இருக்கிறது.

இந்த அத்தியாயத்தைச் சிங்கப்பூர்ப் பட்டறைகளில் நடக்கும் முறையை வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வெல்டராகவும் ஃபிட்டராகவும் அங்கே போனவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் படித்துத் தேறி ‘சேஃப்டி’க்கு மாறுகிறார்கள். கொச்சி, காட்டுப்பள்ளி, துபாய் என்று எங்கே வேலை பார்த்தாலும் இரும்பும் எண்ணெயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். படிவங்களின் பெயர்தான் மாறும்.

அறைக்கு ஆறு பக்கம்

வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் எல்லாவற்றையும் சேர்த்து யார்டில் ஹாட் ஒர்க் என்பார்கள். அதற்குப் பெர்மிட் இல்லாமல் கை வைக்கக் கூடாது. சூப்பர்வைசர் விண்ணப்பிப்பார். ஆய்வாளர் அவரோடு போய் இடத்தைப் பார்ப்பார். கேஸ் செக் நடக்கும். எல்லாம் சரியென்றால் அதிகாரம் பெற்ற மேலாளர் கையெழுத்திடுவார். ஒரு நகல் வேலை நடக்கும் இடத்தில் தொங்கும். சிங்கப்பூரில் 2004-ஆம் ஆண்டு அடுத்தடுத்துப் பெரிய வேலையிட விபத்துகள் நடந்தன. அந்த ஆண்டு மே 29 அன்று அல்முடைனா என்ற கப்பலில் பழுதுபார்ப்பு வேலையின்போது தீப்பிடித்து 7 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளின் விளைவாக வந்ததுதான் 2006 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். பெர்மிட் முறை அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் அடங்கியது.

பெர்மிட் தரும் இந்த வரிசையில் உங்கள் இடம் இரண்டாவது, அதாவது போய்ப் பார்ப்பது. அவசரம் வரும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டாவது படிதான். சூப்பர்வைசர் கெட்ட எண்ணத்தோடு கேட்க மாட்டார். மரியாதையாகத்தான் கேட்பார்: “சார், நேத்து நீங்க பார்த்த அதே இடம்தான். ரெண்டு பிராக்கெட் வெல்டிங், பத்து நிமிஷ வேலை. சைன் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க சார்.” அவரிடம் கோபப்பட வேண்டியதில்லை. “வாங்க தம்பி, ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டே வந்துடுவோம்” என்று எழுந்துவிடுங்கள். நேற்று நீங்கள் பார்த்தபோது காலியாக இருந்த பக்கத்து அறையில் இன்று காலை பெயின்ட் டிரம் இறங்கியிருக்கலாம். கப்பல் பட்டறையில் இது நாள்தோறும் நடக்கிறது.

போகும்போது எதைப் பார்ப்பது? பெர்மிட்டில் எழுதியிருக்கும் அறையை எல்லோரும் பார்ப்பார்கள். அங்கே தீயணைப்பான் இருக்கும், வெல்டர் இருப்பார், எரியக்கூடியது கண்ணில் பட்டால் யாராவது அகற்றியும் இருப்பார்கள். தீ பிடிப்பது பெரும்பாலும் அதற்கு அப்பால். தோசைக்கல்லின் அடியில் தீ, மாவு வேகிறது மேலே. கப்பலின் இரும்புத் தகடும் அப்படித்தான். இந்தப் பக்கம் வெல்டிங் ராடு தொட்ட இடத்தில் இரும்பு உருகினால், அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் பெயின்ட், காப்புப் பஞ்சு, கேபிள், சாய்த்து வைத்த மரப்பலகை எல்லாம் அந்தச் சூட்டை வாங்குகின்றன. அங்கே ஆள் இல்லையென்றால் புகை வெளியே வரும்வரை யாருக்கும் தெரியாது.

ஓர் அறைக்கு ஆறு பக்கம் உண்டு. நான்கு சுவர், மேலே ஒரு டெக், கீழே ஒரு டெக். அப்படியானால் ஓர் அறையில் ஹாட் ஒர்க்குக்கு அனுமதி தருவது என்பது ஏழு இடங்களைப் பார்ப்பது. மூலையில் வேலை என்றால் இன்னும் கூடும். கப்பலின் பொது அமைப்பு வரைபடத்தின் நகல் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் எண்ணை வைத்து இடத்தைக் கணக்கிடப் பழகுங்கள். ‘இயந்திர அறை, இடது பக்கம்’ என்று எழுதிய பெர்மிட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஃபிரேம் எண், டெக், எந்தச் சுவர் என்று எழுதி வரட்டும். மறுபக்கத்தில் சரியான இடம் எது என்று சந்தேகம் வந்தால் ஓர் ஆளை இந்தப் பக்கம் நிறுத்திச் சுத்தியலால் தட்டச் சொல்லி, அந்தப் பக்கம் நீங்கள் போய்க் காது கொடுங்கள். ஓசை வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தீப் பிடிக்கிறதா என்று கவனிக்க நிறுத்தும் ஃபயர் வாட்ச் ஆள் பார்க்க வேண்டியது அந்த வட்டத்தை.

மாலுமிகள் தங்கும் அறைகளில் இன்னும் கவனம் தேவை. அங்கே சுவரும் கூரையும் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே கேபிள், காப்புப் பொருள், பல ஆண்டுத் தூசி எல்லாம் இருக்கும். பலகையைக் கழற்றாமல் அனுமதி தராதீர்கள். குளிர்பதன அறைகளின் சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை இருந்தால் அது உள்ளேயே நெடுநேரம் புகைந்து பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. அந்த நுரையைப் போதுமான அகலத்துக்கு வெட்டி எடுத்த பின்தான் வேலை.

பொறி பறக்கும் தூரத்தையும் குறைத்து எடைபோடக் கூடாது. அமெரிக்க விதிகள் ஹாட் ஒர்க்கைச் சுற்றி 35 அடி, ஏறத்தாழ 11 மீட்டர் தூரத்துக்கு எரியக்கூடியவற்றை அகற்றச் சொல்கின்றன; அகற்ற முடியாததைத் தீத்தடுப்புத் துணியால் மூடச் சொல்கின்றன. இது சமதளத்துக்கான கணக்கு. டெக்கில் ஒரு துளை இருந்தால் பொறி அதன் வழியே பல மாடி கீழே விழும். கேபிள் போகும் துளைகள், கழற்றிய குழாயின் வாய், திறந்த மேன்ஹோல் எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். நான் டார்ச் விளக்கைப் பெல்ட்டில் மாட்டாமல் கையிலேயே வைத்திருப்பேன். கையில் இருந்தால்தான் எல்லா ஓட்டைக்குள்ளும் அடித்துப் பார்க்கத் தோன்றும்.

1978 அக்டோபர் 12

சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் அன்று ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்ப்புக்காக நின்றது. மதிய உணவு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். பின்பகுதியில், வலப்பக்கத்து எரிபொருள் தொட்டி வெடித்து, எரியும் எண்ணெய் இயந்திர அறைக்குள்ளும் பாய்லர் அறைக்குள்ளும் கொட்டியது. 76 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரின் தொழில்துறை வரலாற்றில் இதைவிடக் கொடிய விபத்து இல்லை.

விசாரணையில் தெரிந்ததை ஒவ்வோர் ஆய்வாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கட்டிங் டார்ச்சின் பொறியில் பற்றியது தொட்டிக்குள் இருந்த ஆவி. அந்தத் தொட்டியின் எரிபொருளில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. கப்பல் எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது பன்னாட்டு விதி. அதனால் அத்தகைய எண்ணெய் சாதாரண வெப்பத்தில் வெடிக்கும் அளவுக்கு ஆவியாகாது. கச்சா எண்ணெய் கலந்துவிட்டால் அந்தக் கணக்கு முழுவதும் பொய். தொட்டியின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை வைத்து உள்ளே இருப்பதை நம்பக் கூடாது என்பதற்கு 76 உயிர் விலை கொடுத்தாயிற்று. மீட்டரை இறக்கி அளந்து பார்க்காத எந்தத் தொட்டியும் ஆபத்தான தொட்டியே.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

இப்போது எல்லோர் கையிலும் நான்கு வாயு மீட்டர் இருக்கிறது. ஆக்ஸிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் காட்டும். பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று நினைப்பவர் கையில் அது வெறும் பொம்மை.

முதலில் ஆக்ஸிஜனைப் பாருங்கள். எரியும் வாயுவை அளக்கும் உணரி, வழக்கமான மீட்டர்களில், அந்த வாயுவைத் தனக்குள் எரித்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்ஸிஜன் வேண்டும். எண்ணெய்க் கப்பலின் சரக்குத் தொட்டிகளில் வெடிப்பைத் தடுக்க ஆக்ஸிஜன் குறைந்த வாயுவை நிரப்பி வைப்பார்கள். அந்தத் தொட்டிக்குள் மீட்டரை விட்டால் எரியும் வாயு நிறைய இருந்தாலும் குறைவாகவே காட்டும். பிறகு மேன்ஹோலைத் திறந்து புளோவர் போட்டதும் காற்று நுழையும். அப்போதுதான் உள்ளே இருப்பது வெடிக்கும் கலவையாக மாறும். ஆக்ஸிஜன் எண்ணைப் பார்க்காமல் எரியும் வாயு எண்ணைப் படிக்கவே கூடாது.

எரியும் வாயுவுக்கு எல்லை, வெடிப்புத் தொடக்க அளவில் 10 விழுக்காடு. அசெட்டிலின் காற்றில் 2.5 விழுக்காடு கலந்தாலே பற்றும். அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் 0.25 விழுக்காடுதான். மீட்டரில் 10 என்று காட்டுவதைச் சின்ன எண் என்று நினைக்க வேண்டாம். என்னைக் கேட்டால் திறந்து காற்றோட்டம் விட்ட தொட்டியில் 1 காட்டினாலும் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் நகரக் கூடாது.

மேலே, நடுவில், அடியில் என்று மூன்று உயரத்திலும் அளக்க வேண்டும். கட்டிங்குக்கு எல்பிஜி பயன்படுத்தும் இடங்களில் கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலும் கப்பலின் அடிக்குழியான பில்ஜிலும் போய்த் தேங்கும். அசெட்டிலின் காற்றைவிடச் சற்று லேசானது. நீண்ட உறிஞ்சு குழாய் போட்டு அளக்கும்போது வாயு மீட்டரை வந்தடைய நேரமாகும். குழாயை இறக்கியதும் எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அளப்பது குழாய்க்குள் ஏற்கெனவே இருந்த காற்றை.

தொட்டியின் அடியில் சேறு இருந்தால் கதையே வேறு. கலக்காதவரை அது அமைதியாக இருக்கும். ஒருவர் அதன் மேல் நடந்தால், மண்வெட்டி போட்டால், பக்கத்துத் தகடு சூடேறினால், உள்ளே அடைந்திருக்கும் ஆவி கிளம்பும். காலை எட்டு மணிக்குப் பூஜ்யம் காட்டிய தொட்டி பத்து மணிக்கு அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வேலை நிற்கும் ஒவ்வோர் இடைவேளைக்குப் பிறகும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் அறைக்கும் அதன் ஆறு பக்கத்து அறைகளுக்கும் ஹாட் ஒர்க் பெர்மிட் கிடையாது. இதில் பேரம் பேசவே இடம் தரக் கூடாது.

ஆக்ஸிஜன் குறைந்தால் ஆள் மயங்கி விழுவார் என்பது பலருக்கும் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1976 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஸ்வான் ஹன்ட்டர் பட்டறையில் கட்டிக்கொண்டிருந்த எச்.எம்.எஸ். கிளாஸ்கோ என்ற போர்க்கப்பலில் 8 பேர் தீயில் இறந்தார்கள். முந்தைய நாள் வேலை முடித்துப் போனவர் ஆக்ஸிஜன் ஹோஸை முறையாக மூடாமல் உள்ளேயே விட்டுப் போயிருந்தார். இரவெல்லாம் ஆக்ஸிஜன் கசிந்து கீழ்த்தளத்தில் நிறைந்திருந்தது. காலையில் ஒரு வெல்டர் ராடைத் தகட்டில் வைத்தார். ஆக்ஸிஜன் நிறைந்த காற்றில் துணி எரிவதைத் தடுக்க முடியாது. கையால் தட்டினால் அணையாது. அந்தக் காற்றுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

சிங்கப்பூர் விதி ஆக்ஸிஜனை 23.5 விழுக்காடு வரை ஏற்கிறது. அமெரிக்கக் கப்பல் பட்டறை விதி 22-லேயே கோடு போட்டுவிடுகிறது. நல்ல காற்றில் 20.9 இருக்க வேண்டும். மீட்டர் 21.5 காட்டினால் அது எல்லைக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கோ ஒரு ஹோஸ் கசிகிறது. அதைத் தேடிப் பிடியுங்கள்.

ஹோஸுக்கான ஒழுங்கு எளிது, நடைமுறையில் நிலைநாட்டுவது கடினம். அடைத்த இடத்துக்குள் வாயு நிறைந்த ஹோஸை ஆள் இல்லாமல் விடக் கூடாது. டீ குடிக்கப் போனாலும் வெளியே இழுத்துப் போட வேண்டும். ஷிஃப்ட் முடிந்தால் டார்ச்சில் மட்டும் மூடாமல், ஹோஸ்களுக்கு வாயுவைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில் கழற்ற வேண்டும். 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சிக் கப்பல் பட்டறையில் சாகர் பூஷண் என்ற துளையிடும் கப்பலில் காலை வேலை தொடங்கும் நேரத்தில் வெடிப்பு நேர்ந்து 5 பேர் இறந்தார்கள். அசெட்டிலின் கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணை சொன்னது. ஆகவே உங்கள் நாளின் மிக முக்கியமான சுற்று, எல்லோரும் கப்பலிலிருந்து இறங்கிய பிறகு மேனிஃபோல்டுகளைப் பார்க்கும் மாலைச் சுற்று. அடுத்தது, யாரும் உள்ளே போவதற்கு முன் மீட்டரோடு நடக்கும் காலைச் சுற்று. இந்த இரண்டையும் ஒருபோதும் வேறு ஆள் கையில் விடாதீர்கள்.

ஃபயர் வாட்ச்

பட்டறையில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு மிகப் பெரிய பொறுப்பைச் சுமப்பவர் ஃபயர் வாட்ச் ஆள். புதிதாக ஊரிலிருந்து வந்த பையனை நிறுத்தி, கையில் ஒரு தீயணைப்பானைக் கொடுத்து, “இங்கேயே நில்லு” என்பார்கள். ஐந்து நிமிடத்தில் வெல்டர் அவரிடம் கேபிள் இழுக்கச் சொல்வார், ராடு எடுத்து வரச் சொல்வார். அந்த ஐந்தாவது நிமிடத்திலிருந்து அங்கே ஃபயர் வாட்ச் இல்லை.

ஒவ்வொரு முறையும் அந்த ஆளிடம் நின்று பேசுங்கள். “தம்பி, நீங்க எதைப் பார்க்கணும், காட்டுங்க” என்று கேளுங்கள். வட்டம் போட்ட இடத்தைக் காட்டினால் சரி. “தீ வந்தா முதல்ல என்ன செய்வீங்க?” “அணைப்பேன் சார்” என்று பதில் வந்தால் திருத்துங்கள். முதலில் குரல் கொடுத்து வேலையை நிறுத்த வேண்டும். அபாய மணியை அடிக்க வேண்டும். முடியும் என்றால்தான் அணைக்க வேண்டும். வெளியேறும் வழி எது, அது அடைத்துவிட்டால் இன்னொரு வழி எது என்று நடந்து காட்டச் சொல்லுங்கள். தீயணைப்பானின் ஊசியைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எப்படிக் கழற்றுவது என்று கேட்டுவிடுங்கள். தகட்டின் இருபுறமும் பார்க்க வேண்டியிருந்தால் இரண்டு ஆள் வேண்டும். ஒருவரை இரண்டு பக்கமும் ஓடவிடும் பெர்மிட்டை நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் வெல்டர் போய்விடுவார். ஃபயர் வாட்ச் போகக் கூடாது. புகைச்சல் தீயாக நேரம் எடுக்கும். அமெரிக்கக் கப்பல் பட்டறை விதி குறைந்தது அரை மணி நேரம் நிற்கச் சொல்கிறது. அங்குள்ள தீப்பாதுகாப்புச் சங்கத்தின் ஹாட் ஒர்க் தரநிலை அதை 2019-ல் ஒரு மணி நேரமாக ஆக்கியது. மாலையில் பஸ் புறப்படும் நேரம் நெருங்கும்போது இந்த ஒரு மணி நேரம்தான் திருட்டுப் போகும். ஹாட் ஒர்க்கை ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்லிப் பெர்மிட்டிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பையன் ஹாஸ்டல் பஸ்ஸை விட வேண்டியிருக்காது. அவருடைய பஸ்ஸைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டால் உங்கள் தகட்டைப் பற்றி அவர் கவலைப்படுவார்.

தண்ணீர், கதவு, ஆள் கணக்கு

1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பெரிய பிரெஞ்சுப் பயணிகள் கப்பலைப் போர்ப் பணிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டிங் டார்ச்சின் பொறி, அடுக்கி வைத்திருந்த உயிர்காப்பு உடைகளில் விழுந்தது. அவற்றுக்குள் இருந்தது இலவம்பஞ்சு. கப்பலில் நல்ல தீயணைப்பு அமைப்பு இருந்தது. மாற்று வேலைக்காக அதைத் துண்டித்திருந்தார்கள். நகரத் தீயணைப்புப் படையின் ஹோஸ் கப்பலின் பிரெஞ்சு இணைப்பில் பொருந்தவில்லை. பிறகு வெளியிலிருந்து அடித்த தண்ணீர் மேல்தளங்களில் தேங்கி, மறுநாள் விடியுமுன் கப்பல் ஒருபுறமாகக் கவிழ்ந்தது.

இதிலிருந்து வேலைக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கப்பல் டாக்கில் ஏறிய முதல் நாளே, முதல் ஹாட் ஒர்க்குக்கு முன்பே, கரையிலிருந்து தீயணைப்புத் தண்ணீர் கப்பலின் குழாயில் வந்தாக வேண்டும். எந்த நாட்டுக் கப்பலானாலும் கரைக்குழாயோடு சேர, பன்னாட்டு விதிப்படி ஒரே அளவுள்ள கரை இணைப்புத் தகடு ஒன்று இருக்கும்: வெளி விட்டம் 178 மில்லிமீட்டர், நான்கு போல்ட். அது எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இணைத்தாயிற்று என்ற பதிலோடு நிற்காமல், மிக உயரமான டெக்கில் ஒரு வால்வைத் திறந்து தண்ணீர் என்ன அழுத்தத்தில் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். மிதக்கும் கப்பல் என்றால் உள்ளே அடிக்கும் தண்ணீர் எங்கே வடியும் என்பதையும் கப்பல் அதிகாரிகளோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கதவுகள் பற்றி அமெரிக்கக் கடற்படையின் பான்ஹோம் ரிச்சர்ட் என்ற கப்பல் சொல்லும். 2020 ஜூலை 12 அன்று சான்டியாகோவில் பராமரிப்பு வேலையில் இருந்தபோது கீழ்த்தளச் சேமிப்பு இடத்தில் தொடங்கிய தீ, நான்கு நாள் எரிந்து கப்பலையே பயனற்றதாக்கியது. கப்பலின் தீயணைப்பு நிலையங்களில் 87 விழுக்காடு அப்போது பயன்பாட்டு நிலையில் இல்லை என்று கடற்படையின் அறிக்கை சொல்கிறது. கேபிளும் குழாயும் வாசல்களில் கிடந்ததால் கதவுகளைச் சாத்தித் தீயை அடைக்க முடியவில்லை. ஆகவே வாசலைக் கடக்கும் ஒவ்வொரு கேபிளுக்கும் குழாய்க்கும் அருகிலேயே எளிதில் கழற்றும் இணைப்பு இருக்க வேண்டும். ஒருநாள் மதியம் நீங்களே ஒரு வாசலைத் தேர்ந்தெடுத்து, “இந்தக் கதவை இப்போ சாத்துங்க” என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆள் கணக்கு சுருக்கமானது. கேங்வே பலகையில் தொங்கும் பெயர் வில்லைகளும் உள்ளே இருக்கும் தலைகளும் ஒத்துப்போக வேண்டும். புகை வந்த பிறகு எண்ண முடியாது.

நிறுத்துவது

இந்த வேலையில் கடினமானது மேன்ஹோலுக்குள் ஊர்வதோ வெயிலோ இல்லை. கப்பல் ஒரு நாள் தாமதமானால் பெரும் பணம் போகும் என்று தெரிந்தும், கண் முன்னால் முப்பது பேர் சும்மா நிற்பதைப் பார்த்தும், “வேலை நிற்கட்டும்” என்று சொல்வதுதான். முதல் ஆண்டில் உங்களை எல்லோரும் சோதித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை வளைந்தால் பிறகு அந்த யார்டில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

அதற்காக முறைத்துக்கொண்டு திரிய வேண்டாம். நிறுத்தும்போதே என்ன செய்தால் தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். “பக்கத்து டேங்க்ல பெயின்ட் டிரம் இருக்கு. அதை மேலே ஏத்துங்க, புளோவர் அரை மணி ஓடட்டும், நானே வந்து மறுபடி கேஸ் பார்க்கிறேன்.” சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். நிறுத்திவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடும் ஆய்வாளரை யாரும் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமலேயே வேலையைத் தொடங்குவார்கள். நிறுத்திய காரணம், நேரம், இடம், யாரிடம் சொன்னீர்கள் என்பதை அப்போதே எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே நாளில் எந்தெந்த வேலைகள் மோதும் என்று பார்க்கக் காலையில் எல்லாக் கான்ட்ராக்டர்களும் கூடும் கூட்டத்தில் பேசிவிட்டால், நிறுத்த வேண்டிய வேலைகளில் பெரும்பகுதி தொடங்காமலேயே தடுக்கப்பட்டுவிடும்.

கிளாஸ்கோ கப்பலின் தீக்குப் பிறகு ஸ்வான் ஹன்ட்டர் நிறுவனத்தின் மேல் வழக்கு நடந்தது. ஆக்ஸிஜன் ஆபத்தை விளக்கும் கையேடு ஒன்றை அந்தப் பட்டறை ஏற்கெனவே அச்சடித்திருந்தது. தன் சொந்தத் தொழிலாளர்களுக்கு அதைக் கொடுத்திருந்தது. ஹோஸைத் திறந்து விட்டுப்போனவர் துணைக் கான்ட்ராக்டரின் ஆள். அவர் தரப்புக்கு அது போய்ச் சேரவில்லை. பிறர் வேலைக்கு வைத்த ஆட்களுக்கும் ஆபத்தைச் சொல்லிப் புரியவைக்கும் கடமை பட்டறைக்கு உண்டு என்று 1981-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

சிங்கப்பூர்ப் பட்டறைகளில் தமிழ், வங்காளம், சீனம், பர்மியம் பேசும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஒரே தொட்டிக்குள் இறங்குகிறார்கள். பெர்மிட் ஆங்கிலத்தில் தொங்குகிறது. தமிழ் தெரிந்த ஆய்வாளரான நீங்கள், உங்கள் கான்ட்ராக்டரின் ஆளா இல்லையா என்று பார்க்காமல், மேன்ஹோல் வாசலில் நிற்கும் தமிழ்த் தொழிலாளரிடம் இரண்டு நிமிடம் நின்று, தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். வங்காளத் தொழிலாளர் இருந்தால் அவர் மொழி பேசும் ஒருவரை அழைத்து வந்து சொல்ல வையுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு கையெழுத்திடுங்கள்.